பிரஷ் கழுவிய தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அச்சகத்தின் மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் பரீட்சைக்குப் போகிற பையனைப் போல இருக்கும். ஐம்பதைத் தொட்டுவிட்ட ஆளுக்கு, நரைத்த மீசைக்கு, இது தேவையா என்று கேட்டுக்கொண்டே ஏறுவேன். கீழே தீப்பெட்டி லேபிள் அச்சாகிற மிஷின் அன்றைக்கு ஓய்ந்திருக்கும். மை வாடை ஓய்வெடுக்காது. மேலே, கட்டுக்கட்டாக அடுக்கிய கிளிகளுக்கும் சிங்கங்களுக்கும் தாமரைகளுக்கும் நடுவில், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள்.

நாங்கள் ஐந்து பேர். அச்சக முதலாளி சிறுகதை எழுதுகிறவர். பேருந்து நடத்துநர் ஒருவர், அவரும் கதைதான். ஆஸ்பத்திரியில் செவிலியராக இருக்கும் ஒரு பெண் கவிதை எழுதுவார். எங்கள் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். தனியார் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருக்கும் என் நண்பன். அப்புறம் நான். வார நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை, மேற்கே இன்னார் புஞ்சை, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கரிசல் நிலம் என்று நாளெல்லாம் தட்டிவிட்டு, மாலையில் எல்லையே பிடிபடாத எதையாவது எழுத உட்காருவேன். நான் எழுதுவது கவிதையா உரைநடையா என்று இரண்டு பக்கத்தாரும் கேட்பார்கள். இரண்டு பக்கத்தாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் எழுத்தைத் தானே வாசிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் அச்செடுத்து, பெயர் போடாமல், நாலாக மடித்து, ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டியைக் குலுக்கி ஒருவர் மாற்றி ஒருவர் எடுக்க வேண்டும். எடுத்தவர் உரக்க வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் முதல் கருத்து வாசித்தவருடையது. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அது தன்னுடையது என்று கடைசிவரை காட்டிக்கொள்ளவும் கூடாது. தன்னுடையதே தன் கைக்கு வந்துவிட்டால், வேறு யாருடையதையோ வாசிப்பது போல வாசித்து, குறையும் சொல்ல வேண்டும்.

இதற்குக் காரணம் முதலாளிதான். ஆரம்பத்தில் அவரவர் எழுத்தை அவரவரே வாசித்துக்கொண்டிருந்தோம். முதலாளி தன் கதையைத் தானே வாசித்தால் மூன்றாம் பக்கத்தில் அழுதுவிடுவார். அழுகிற மனுஷனிடம் கதை சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

"அவரு கண்ணத் தொடைக்கதுக்குள்ள நமக்குச் சொல்ல வந்த குத்தம் மறந்துபோவுது" என்று நடத்துநர்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தார். அதில் வேறு சங்கடம் வந்தது. நடத்துநர் கையில் எந்தத் தாள் கிடைத்தாலும், அது பிரிவைப் பற்றிய கவிதையே ஆனாலும், டிக்கெட் கேட்கிற குரலில்தான் வெளியே வரும்.

"அண்ணாச்சி, கவிதைய வாசிக்கீங்களா, இல்ல எல்லாரையும் எறங்கச் சொல்லுதீங்களா?" என்பார் சிஸ்டர்.

"ஒங்களுக்கு ஏன் கோவம் வருது? அப்ப இது ஒங்க கவிதையா? காட்டிக்கிடக் கூடாதுல்லா. தப்பு. அடுத்த ஸ்டாப்புல எறங்குங்க."

முதலாளியின் கதை யார் கைக்குப் போனாலும் கண்டுபிடித்துவிடுவோம். கண்டுபிடிக்காதது போல் இருப்போம்.

"இது யாரு கதைன்னு எனக்குத் தெரியாது" என்று நடத்துநர் தொடங்குவார். "ஆனா கடைசில மழ பெய்யுது. போன வாரம் வந்த கதையிலயும் கடைசில மழ. நம்ம ஊருல இம்புட்டு மழ எப்பய்யா பேஞ்சது?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "எழுதுனவரு ஆசப்பட்டிருப்பாரு" என்பார்.

என் நண்பன் எழுதுவதில்லை. வாசிக்க மட்டும் வருவான். நல்ல குரல் அவனுக்கு. ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தாள் போடாமல் பெட்டிக்குள் கை விடுகிற சலுகை அவனுக்கு மட்டும் உண்டு. அதற்குப் பதிலாகப் படம் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லி மூன்று வருஷமாகியிருந்தது.

"என்ன சார், படம் இன்னும் ஈரமாவா இருக்கு?" என்று நடத்துநர் ஒரு வாரம் விடாமல் கேட்பார்.

"காய மாட்டேங்குதே. நம்ம ஊரு வெயில்லயே காயலன்னா பாத்துக்கோங்களேன்" என்பான் நண்பன். எல்லாரும் சிரிப்போம்.

என் மனைவியும் மகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மகள் அங்கே படிக்கிறாள். மனைவிக்கும் அங்கேயே ஒரு வேலை அமைந்துவிட்டது. சாயங்காலம் போன் வரும். சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டாச்சா, தண்ணீர் வந்ததா. இந்த மூன்று கேள்விக்குள் எங்கள் மூவரின் அன்பும் அடங்கிவிடும், குறை சொல்ல முடியாது. ஊரில் என்னோடு பேசுகிறவர்களுக்கும் குறைவில்லை. டீக்கடையில் நின்றால் பத்துப் பேர், பத்திரம் என்றைக்குத் தயாராகும் என்று கேட்பார்கள். ஆனால் ஒரு வாக்கியம் நடுவில் ஏன் நொண்டுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு இருந்தது ஒரே ஆள். படம் வரைகிறவனுக்கு வாக்கியத்தில் என்ன வேலை? அவன் தாளைக் கை தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். "ஏலே, இங்கன ரொம்ப நெருக்கமா இருக்கு. கொஞ்சம் காத்து விடு" என்பான். விடுவேன். சரியாகிவிடும். இருபது வருஷம் இப்படித்தான் போயிற்று. அவன் பார்க்காத எதையும் நான் எழுதி முடித்ததாக நினைத்ததில்லை.

மாலைகளில் என் வண்டியில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இடைசெவல் பக்கம் போவேன். போவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மாசி மாதம் அது. வெட்டவெளியில் பருத்தி நின்றது. ஓடைப் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். வெடிக்கத் தொடங்கியிருந்த மண்ணைக் காலால் நிரவிக்கொண்டே சொன்னான்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒங்கிட்டதான் சொல்லுதேன். மூணு வருசமா நான் ஒண்ணும் வரையலலே."

நான் அவனைப் பார்த்தேன். அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடம் விட்டு வருதேன். காப்பி குடிக்கேன். மாடி ரூமுக்குப் போயி கதவச் சாத்துதேன். ரெண்டு மணி நேரம் கேன்வாஸப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கேன். ஒரு கோடு வரல. பெறகு, ஏதாவது ஒரு டியூப்ல இருந்து ஒரு பொட்டுப் பிதுக்கி, பிரஷ்ல தொட்டு, மக்குல உள்ள தண்ணில கலக்கி, மாடிக் குழாயடில கொண்டுபோயி ஊத்துதேன். அது பைப்பு வழியா எறங்கி அடுப்படி ஜன்னலுக்கு வெளிய இருக்க சாக்கடை வாறுகாலுக்குப் போவும். அவ பாத்திரம் கழுவிக்கிட்டே பாப்பா. ஒரு நா நீலம். ஒரு நா செவப்பு. தண்ணி கலராப் போனா அவளுக்கு ஒரு நிம்மதி, மனுசன் வேல செய்யுதான்னு."

அவனே சிரித்தான்.

"மூணு வருசமா வாறுகாலுக்குத்தாம்லே வர்ணம் அடிக்கேன்."

அவன் தோளில் நான் கை வைத்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். வைத்ததாக ஞாபகமில்லை. என் விரல் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எனக்கும் எட்டு மாதமாக ஒன்றும் வரவில்லை; பழைய நோட்டில் கிடந்த அரைகுறைகளைப் பெட்டிக்குள் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அதை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் பாலத்துச் சுவரில் இரண்டு வறண்ட ஆட்கள் உட்கார்ந்து சிரித்திருப்போம், அத்தோடு போயிருக்கும். சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அடுத்த மூன்று காலைகளில், அலுவலகம் போவதற்கு முன், ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு வாக்கியங்கள் தானாக வந்து உட்கார்ந்தன. அந்த ஓவியனுக்குத் தாடி வைத்தேன். ஊரை மாற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். எங்கள் தொழிலில் மாறுவேடம் என்பது இவ்வளவுதான். கடற்கரை ஊரில் வாறுகாலை வேறு ஏதோ பெயரில் சொல்வார்கள். அந்தச் சொல்லை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

முடிவு மட்டும் என்னுடையது, ஒரே ஒரு நீண்ட வரி. ஒரு மாலை அந்த மனைவி ஜன்னல் வழியே பார்க்கிறாள். வாறுகாலில் தண்ணீர் தெளிவாக, நிறமே இல்லாமல் போகிறது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறாள். அங்கே சாய்த்து வைத்த கேன்வாஸில் ஒரு படம். பக்கத்தில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். இதை எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முதலாளியைக் கேலி செய்த பாவம். சென்னையில் இருக்கும் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ஒரே வாரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். "அந்தக் கடைசி வரி சார்! அடுத்த இதழ்ல போட்டுடுறோம்" என்றார்.

நண்பனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், இதழ் வந்ததும் காட்டலாம், காட்டினால் சந்தோஷப்படுவான், அவன் படத்தை முடித்துக்கொடுத்திருக்கிறேன் அல்லவா. இப்படியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரமாட்டான் என்று தெரியும். ஓட்டப்பிடாரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதனால்தான் அந்த ஒன்றரைப் பக்கத்தை மடித்து எடுத்துப்போனேன். அச்சில் வரப்போவது போதாது. ஒரு குரலில் கேட்க வேண்டும், நாலு பேர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பசி. பெட்டிக்குள் போட்டேன். மற்ற மூவரும் போட்டார்கள். முதலாளி பெட்டியைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக அவன் வந்து நின்றான்.

"முகூர்த்தம் வெள்ளனே முடிஞ்சிட்டு. பந்தில எடம் பிடிக்கதுக்கு நமக்குத் தெறம பத்தாது. சரி, ஒங்க மூஞ்சியப் பாத்துட்டாவது போவோம்னு பஸ் ஏறிட்டேன்."

"மாப்பிள்ள மாதிரி வந்திருக்கீங்க. நீங்களே மொதல்ல எடுங்க" என்று சிஸ்டர் பெட்டியை நீட்டினார்.

நாலு தாள். ஒன்று என்னுடையது. அந்த நேரத்தில், "இருங்க, என் தாளைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழக்கத்தை மீறியதாக நடத்துநர் இரண்டு வாரம் கேலி செய்திருப்பார், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. நாலில் ஒன்றுதானே என்று கணக்குப் போட்டேன். அவன் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விட்டு, அடியில் துழாவி, ஒன்றை எடுத்துப் பிரித்தான். முதல் வரியிலேயே அது என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் வாசித்தான். என் எழுத்தை அவ்வளவு நன்றாக யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. தாடிக்காரன் மாடியேறினான். கதவைச் சாத்தினான். குவளைத் தண்ணீரில் தூரிகையைத் தொட்டான். தூரிகை என்ற சொல் வந்தபோது அவன் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு ஓடியது; பிரஷ் என்றே எழுதக் கூடாதா என்று அடிக்கடி கேட்பான். அதுவரை அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் நீலத் தண்ணீர் குழாயில் இறங்கியது.

ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் வந்தது. நிறுத்தினான். ரயில் போகும்வரை தாளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். முழுக்கப் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து, அதே குரலில் தொடர்ந்தான். வாறுகால் வந்தது. மூன்று வருஷம் வந்தது. அவன் பாலத்தில் சொன்ன வாக்கியம், நான் ஓர் எழுத்துக்கூட மாற்றாதது, அவன் வாயாலேயே வந்தது. குரல் தடுக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான், ஓட வேண்டிய இடத்தில் ஓடினான். கடைசி வரியைக் கொஞ்சம் மெதுவாக வாசித்து முடித்தான்.

சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். வழக்கப்படி அவன்தான் முதலில் பேச வேண்டும்.

"நல்லா இருக்கு" என்றான். "எழுதுனவருக்குக் காது நல்லாக் கேக்குது."

தாளை மடித்தான்.

"ஆனா கடைசி வரி பொய்."

"ஏன் சார்? அதான அழகா இருக்கு" என்றார் சிஸ்டர்.

"படம் வந்த அன்னைக்குத் தண்ணி தெளிவாப் போவாது சிஸ்டர். அன்னைக்குத்தான் ரொம்ப அழுக்காப் போவும். அம்பது அறுபது வாட்டி பிரஷ்ஷக் கழுவணும்லா. எல்லாக் கலரும் ஒண்ணோட ஒண்ணு சேந்து சேறாத்தான் வரும். நம்ம ஓடைல மொதத் தண்ணி வருமே, அந்தக் கலரு. நீலம் நீலமாவும் செவப்பு செவப்பாவும் போச்சுன்னா..."

மடித்த தாளைப் பார்த்தான்.

"போச்சுன்னா?" என்றார் முதலாளி.

"போச்சுன்னா அங்க வேல நடக்கலன்னு அர்த்தம்." அவன் பேச்சு மெதுவாகிக்கொண்டே போயிற்று. "இந்தப் பொம்பள அவனக் கட்டி இருவது வருசம்னு எழுதியிருக்கு. அவன் ஒழுங்கா வரைஞ்ச காலத்துல எத்தன நாளு சேத்துத் தண்ணியப் பாத்திருப்பா? மொத நா நீலமாப் போனப்பவே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அதைச் சொல்லும்போதுதான் அது அவனுக்கே தெரிந்தது. நான் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். சந்தனம் காய்ந்த நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்து அப்படியே நின்றது. வீட்டில், ஜன்னலுக்கு உள்ளே, மூன்று வருஷமாகத் தெரிந்துகொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தியை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"இது பாயிண்டு" என்றார் நடத்துநர். "எழுதுனவரு குறிச்சுக்கிடணும்."

அவன் தாளை என் நாற்காலிப் பக்கம் நீட்டவில்லை. பெட்டியின் மேல் வைத்தான். "நேரமாச்சு. வீட்ல தேடுவாவ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். எழுதியவர் பேசக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் ஆயுளில் எந்த விதிக்கும் நான் அவ்வளவு ஒழுங்காகக் கட்டுப்பட்டதில்லை.

முதலாளி கீழே போய் டீ வாங்கிவந்தார். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நடத்துநர் சொன்னார்: "படத்தப் பத்திச் சொல்லுததுல சார அடிச்சுக்க முடியாது. ஆனா அவரு படம் மட்டும் எந்தக் காலத்துல காயுமோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது என் தாள் என்றும் அது யார் கதை என்றும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை அவன் கேட்கவில்லை. இருந்தாலும் இந்தக் கதையில் நான் அவனுக்குச் செய்ததிலேயே மோசமானது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஐந்து நாள் அவன் என் போனை எடுக்கவில்லை. மாலையில் தனியாக வண்டியில் போனேன். பின் இருக்கையில் பாரம் இல்லாத வண்டி மேடு பள்ளத்தில் தூக்கிப் போட்டது. ஆறாம் நாள் மதியம் என் அலுவலகத்துக்கு அவனே வந்தான். பத்திரத்துக்கு வந்தவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"வேலையா இருக்கீங்களா?"

இருபது வருஷத்தில் அவன் என்னை நீங்கள் என்றதில்லை.

"அதக் கிழிச்சுப் போட்டுருதேன்" என்றேன். "பத்திரிகைக்குப் போயிருக்கு. வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிருதேன்."

"எதுக்கு? வரட்டும். நல்லாத்தான இருக்கு. கடைசி வரிய மட்டும் எடுத்திருங்க. படம் போடுதவன் எவனும் படிச்சா சிரிப்பான்."

"வீட்ல ஏதும்..."

"கேட்டேன்." பெஞ்சில் கிடந்த பழைய முத்திரைத்தாள் நகலை எடுத்து விரலால் நீவினான். "பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. தண்ணியப் பாத்து ஒனக்குத் தெரியுமான்னேன். தெரியும்னா. மூணு வருசமா ஏன் ஒரு வார்த்த கேக்கலன்னேன். 'நீங்க அம்புட்டு மெனக்கெட்டு ஊத்துதீங்க, நான் எப்பிடிக் கேக்க'ன்னா. சொல்லிட்டு அடுத்த தட்ட எடுத்துக் கழுவுதா."

தெருவில் ஒரு வேன் ஒலிபெருக்கியில் வெங்காயம் விற்றுக்கொண்டு போனது. அது போகட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

"இப்ப மாடிக்குப் போறதில்ல" என்றான். "அவளுக்குத் தெரியும்னு தெரிஞ்ச பெறகு எப்பிடிப் போயி கதவச் சாத்த? சும்மா உக்காரதுக்குன்னாலும் ஒரு எடம் இருந்துச்சு."

அவன் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அதையும் முத்திரைத்தாளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"மன்னிச்சிருப்பா."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க எழுதுதவரு. எழுதத்தான் செய்வீங்க." எழுந்து, நகலை இருந்த இடத்திலேயே மடங்காமல் வைத்துவிட்டுப் போனான்.

அன்று மாலை ஆசிரியருக்குப் போன் செய்தேன். திருப்பி வாங்கிக்கொண்டேன் என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். வேண்டாம் என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. எட்டு மாத வறட்சி, அதற்குப் பின் வந்த ஒன்றரைப் பக்கம், வரட்டும் என்று அவனே சொல்லிவிட்ட அனுமதி, எல்லாமாகச் சேர்ந்து அந்தச் சொல்லைக் கீழே தள்ளிவிட்டன. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். "அதுதானே சார் அதுல இருக்கு" என்று ஆசிரியர் வருத்தப்பட்டார். இதழ் வந்தது. முடிவை வாசகரிடமே விட்டுவிட்ட துணிச்சலைப் பாராட்டி நாலைந்து பேர் வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். எல்லாருக்கும் கும்பிடு போடுகிற படம் ஒன்றை அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அவன் ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் திரும்ப வந்தான். பெட்டிக்குள் கை விடுகிறான், வாசிக்கிறான், அதே குரல். வாசித்து முடித்ததும் "நல்லா இருக்கு" என்கிறான். எல்லாமே நல்லா இருக்கிறது அவனுக்கு. முதலாளிக்கு ஏக சந்தோஷம். சிஸ்டர் மட்டும் ஒரு நாள் படியிறங்கும்போது, "சாருக்கு ஒடம்பு ஏதும் சரியில்லயா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார். வேலைப்பளு என்றேன்.

மாலைகளில் கூப்பிட்டால் வண்டியில் வருகிறான். மகள் எந்த வருஷம் படிக்கிறாள் என்று கேட்கிறான். குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது என்கிறான். பள்ளியில் புதிதாக வந்த தலைமையாசிரியரின் மீசையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறான். நான் ஒரு நாள் மூன்று வரியைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். நடுவில் எங்கோ நொண்டுகிறது, என்னவென்று பார் என்றேன். வாங்கினான். கை தூரத்தில் பிடிக்கவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை, புத்தகம் படிப்பது போலப் பக்கத்தில் வைத்துப் படித்தான். "நல்லா இருக்கு. எனக்கு இதுல என்ன தெரியும்?" என்று திருப்பித் தந்துவிட்டான். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். அவன் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறான். சோற்றுக்கு வாருங்கள் என்று வீட்டுக்குக் கூப்பிடுகிறான். போனால் அவன் மனைவி என் இலையில் இரண்டாம் முறையும் பொரியல் வைக்கிறார். அடுப்படி ஜன்னல் இருக்கிற பக்கம் நான் திரும்புவதில்லை.

ஐப்பசியில் நடத்துநர் புதூர்ப் பக்கம் தன் ஊரில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினார். நாங்கள் இருவரும் என் வண்டியில் போனோம். கேசரி சாப்பிட்டு, வாசற்கதவில் நடத்துநர் தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்த நல்வரவைப் பாராட்டிவிட்டு, பதினோரு மணி வாக்கில் திரும்பினோம். மானாவாரிக் காடு விதைத்து முளைத்துக் கிடந்தது. நடுவில் ஒரு பெரிய பரப்பு முழுக்க சூரிய மின்சாரத் தகடுகள், வரிசை வரிசையாக, சாய்த்து வைத்த கண்ணாடிகள். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஆட்டுக் கூட்டத்துக்காக வண்டியை நிறுத்தி, இஞ்சினையும் அணைத்தேன்.

வானத்தில் மேகம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மேகத்தின் நிழல் பயிரின் மேல் நகர்ந்து வந்து தகடுகளின் மேல் ஏறியது. என் தோளுக்கு மேலாக அவன் கை நீண்டது.

"அங்கன பாரு. மண்ணுல வரும்போது அந்த நெழலுக்கு ஒரு கலரு இருந்துச்சா, இப்ப கண்ணாடில ஏறுனதும் பாரு, ஓரத்துல மட்டும்..."

அவ்வளவுதான். கை தோளிலிருந்து இறங்கிவிட்டது.

"ஓரத்துல மட்டும் என்ன?" என்றேன். என் குரலில் அவசரம் இருந்தது. அது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்ல. ஆடு போயிட்டு, வண்டிய எடுங்க. மதியம் பள்ளிக்கூடத்துல மீட்டிங் இருக்கு."

நான் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நிழல் தகடுகளின் மேல் போய்க்கொண்டிருந்தது. அதன் ஓரம் இருந்தது. ஓரத்தில் அவன் கண்டது எனக்குத் தெரியவில்லை.

வண்டியைக் கிளப்பினேன். பக்கக் கண்ணாடியில் அவன் முகம் பாதி தெரிந்தது. அவன் உடம்பைத் திருப்பி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது கியரைப் போடாமல், தகடுகள் முடிகிறவரை மெதுவாகவே ஓட்டினேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை.